அத்தையை வேலைக்காரி என்று சொன்ன மகள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கண்டியில் இரண்டு ஹார்ட்வெயார் கடை, மாடி வீடு, சொந்த லொறி. மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் நான்தான்.

அவளை விடுதியில் விட்டபோது ஒரு தப்புச் செய்தேன். "லயம், தோட்டம்னு வாயத் தொறக்காத. டவுன் கடைக்காரர் மகள்னு மட்டும் சொல்லு" என்றேன்.

சில மாதங்களில் மகள் மெலிந்துபோனாள். கண்ணூறு என்று நினைத்துக் கோயிலில் நூல் கட்டினேன். ஒருநாள் காலை அவளுடைய அறைத்தோழி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், அவ மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. சாகலாம் போல கிடக்கு எண்டுறா. நான் பக்கத்தில இருக்கிறன், கெதியா வாங்கோ."

கடையை அப்படியே விட்டு ஓடினேன். மகள் என்னைக் கண்டதும் உடைந்து அழுதாள்.

"அத்தை ரொட்டி சுட்டுக்கிட்டு பாக்க வந்தாங்கப்பா. கூட இருந்த பிள்ளைங்க யாருன்னு கேட்டாங்க. எங்க வீட்டு வேலைக்காரின்னு சொல்லிட்டேன்."

அத்தை என்பது என் அக்கா. இன்னமும் கொழுந்து பறிக்கிறவர்.

தோழி அவள் கண்ணைத் துடைத்து, "விசரி, உதுக்கோ இவ்வளவு நாளும் அழுதனீ? அந்த ரொட்டிய முழுக்கத் திண்டது நான்தானே!" என்றாள்.

அன்றே மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். இப்போது மகள் தேறிவிட்டாள். நானும் லயத்தில் பிறந்தவன் என்று கடையில் எல்லாரிடமும் சொல்கிறேன்.

அந்தத் தோழிக்குக் கோடி நன்றி. ஆசிரியரே, அவளைப் புகழ்ந்து போடுங்கள். ஆனால் மகள் மன்னிப்புக் கேட்கும் முன்பே அக்காவின் காலைத் தொட்டு, தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னவன் நான். அதையும் கட்டாயம் போட வேண்டும்.