அன்று கரண்ட் போகவில்லை

அன்று கரண்ட் போகவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தது நான்தான்.

ஓசூரில் போல்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஆயுத பூஜை. மெஷின்களை எல்லாம் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தோம். கம்ப்யூட்டரில் வேலை பார்த்த மஞ்சுளா பாகலூர்க்காரர், இன்னும் நிரந்தரமாகாதவர். புதிய சாஃப்ட்வேரின் கடைசி ஃப்ளாப்பியைப் போட்டுவிட்டு, "அண்ணா, மிச்சத்த அதுவே ஏத்திக்கும். யாரும் தொடாம பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லி பஸ்ஸுக்கு ஓடினார்.

குங்குமக் கிண்ணத்தோடு போனேன். திரை எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற ஃபிட்டர் கேட்டார்: "லேத்துக்கே லீவு வுட்டாச்சு. இது மட்டும் என்னாப்பா, கலெக்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி... சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்தேன். பொட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து மஞ்சுளா கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் நாலு எழுத்து வரும், அணையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "இத்தன மாச டெஸ்பாட்ச் கணக்கும் அதுலதாம்மா இருக்குது. போச்சுன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

மஞ்சுளா சாஃப்ட்வேர் கொடுத்த பெங்களூர் இன்ஜினியருக்கு போன் போட்டுக் கன்னடத்தில் பேசினார். ஆங்கிலம்தான் எனக்குத் தெரியாது, கன்னடம் புரியும். நடுவில் கரண்ட் போயிற்றா என்று அவர் கேட்டிருக்கிறார். யூபிஎஸ் இருக்கிறது, போகவில்லை என்றார் மஞ்சுளா. அப்படியானால் டிஸ்க்தான் கெட்டிருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றாராம். மேனேஜரிடம் அதைத் தமிழில் சொல்லும்போது மஞ்சுளாவின் குரல் உடைந்தது.

"கரண்ட் போச்சு மேடம்" என்றேன். "பூஜை அன்னைக்கு, நீங்க போனப்பறம். யூபிஎஸ்ஸு கத்திக் கத்தி நின்னுடுச்சு."

உண்மைக்கு எழாத நாக்கு, பொய்க்கு எப்படி எழுந்தது?

மஞ்சுளா அதை உடனே போனில் சொன்னார். அப்படியென்றால் பாதிதான் ஏறியிருக்கிறது, எதையும் அழிக்க வேண்டாம், முதல் ஃப்ளாப்பியிலிருந்து, இருப்பதன் மேலேயே மறுபடி ஏற்றுங்கள் என்றார் இன்ஜினியர். மஞ்சுளா ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார். மதியச் சங்கு ஊதும்போது திரை அணையாமல் நின்றது. கணக்கு முழுவதும் இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது.

ஆனால் மேனேஜர் விடவில்லை. "ஓடுற மெஷின வுட்டுட்டு வூட்டுக்குப் போனது உன் தப்புதான்." மஞ்சுளா நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. டீ கிளாஸ்களோடு நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்று அவர் நிரந்தரம். அவருக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்த அண்ணன் மட்டும் சொல்லலேன்னா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் முகம் தெரியாதவர், அதனால் முடிந்தது. முகம் தெரிந்த ஒருவர் பாக்கி. தினமும் காலையில் அவர் கம்ப்யூட்டரைப் போட்டுத் திரை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் போதும், ஒரு வரிதானே... நாளையும் அங்கேதான் போய் நிற்பேன்.