செக்கரம்மா சரிபார்த்த தோட்டம்

அந்த ஆபீஸில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. முகத்துக்கு நேரே "மேடம்", முதுகுக்குப் பின்னால் "செக்கரம்மா". கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற இடம் அது. அவள் அங்கே செக்கர், அதாவது வரைபடங்களைச் சரிபார்க்கிறவள். யார் எதை வரைந்தாலும் அது அவள் மேசைக்கு வந்து, அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும், மாடிப்படி ஏறுகிறவன் தலை உத்தரத்தில் முட்டும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறை தெரியும். எல்லாம் முதலில் அவள் கண்ணில்தான் படும். அவளால் மண்டை தப்பியவர்கள் எத்தனை பேரோ, பாவம், அவர்களுக்கே தெரியாது.

வேலையில் கெட்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பு கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவளிடம் யார்தான் சகஜமாகப் பேசுவார்கள்? டீ நேரத்தில் கூட்டமாக நின்று கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் தலையைக் கண்டதும் கப்சிப். "வாங்க மேடம், டீ சாப்பிடுங்க மேடம்" என்று வழிவிட்டு, ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். அத்தனை மரியாதையையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தனியாக நின்று டீயைக் குடித்துவிட்டு வருவாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ராத்திரி சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டே மனைவியின் ஆபீஸ் கதையைக் கேட்பது அவருடைய வேலை. உரித்த பூண்டிலும் ஒன்றிரண்டைப் பொறுக்கித் திருப்பிக் கொடுப்பாள். அதற்கெல்லாம் அவர் பழகிவிட்டார்.

"நான் போனா பேச்சே நின்னுடுதுங்க. நான் என்ன கடிச்சா வைக்கிறேன்?"

"கடிக்கிறதில்ல, திருத்துற. கடிச்சாக்கூட ஊசி போட்டுக்கலாம்" என்பார் அவர்.

அவளும் சிரித்துவிடுவாள். ஆனால் மனசுக்குள் ஆசை இருக்கத்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தியாக நிற்கவேண்டும். அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயசில் இது என்ன சின்னப்பிள்ளை ஆசை என்று தன்னையே அதட்டியும் பார்த்தாள். ஆசை அடங்குவதாயில்லை.

இப்படியிருக்கும்போதுதான் தோட்டப் பேச்சு கிளம்பியது. ஆபீஸ் முன்வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம். உடைந்த நாற்காலி, செத்துப்போன ஏ.சி. என்று குப்பை சேர்ந்து கிடந்தது. அதைச் சுத்தம் செய்து செடி வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்த ஆபீஸில் வைத்த செடி எதுவும் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. மணி பிளாண்ட்டையே சாகடித்த புண்ணியவான்கள் அவர்கள்.

"ஜென் தோட்டம் வைக்கலாம் சார்" என்றாள் ரிசப்ஷனில் இருக்கும் பெண். போனில் படம் காட்டினாள். "ஜப்பான்காரங்க வைக்கிறது. மணலும் கல்லும்தான். மணல்ல அலை மாதிரி கோடு இழுத்து விடணும். பார்த்துக்கிட்டே இருந்தா மனசு அமைதியாயிடுமாம்."

"தண்ணி ஊத்தணுமா?"

"சொட்டுத் தண்ணி வேண்டாம் சார்."

"அப்ப இன்னிக்கே ஆரம்பிங்க" என்றார் மேனேஜர்.

செக்கரம்மா தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது வந்து "நீங்களும் வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் ஏணி வந்தான். ஏணி என்பது வரைபடம் போடுகிற பையன்களில் மூத்தவன். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். தோட்டத்துக்கும் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எதைப் போட்டாலும் செக்கரம்மா பார்க்கவேண்டும் என்ற வழக்கம் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "வச்சிட்டுப் போப்பா, பார்த்துத் தரேன்" என்றாள்.

இந்தத் தடவை வாயைத் திறக்கக்கூடாது, நல்லா இருக்கு என்று சொல்லி, சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கை கேட்டால்தானே! அஞ்சு கல், அஞ்சும் அஞ்சு திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே எவ்வளவு? அளவே போடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? ஓரத்துக்கு என்ன கட்டுவது? தன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே, குறை வைக்கலாமா? உட்கார்ந்து உட்கார்ந்து இழைத்தாள். கல்லையெல்லாம் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தாள். இடைவெளியைச் சமமாக்கினாள். வளைந்து நெளிந்த கோடுகளை நேர்படுத்தினாள். மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தாள். இதுவரைக்கும் எந்த வரைபடத்தையும் அவள் இத்தனை பிரியமாகச் சரிபார்த்ததில்லை.

சிவப்பு மையில் காகிதம் ரத்தக்களறியாகத் திரும்பிப் போனது. வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செக்கரம்மா திருத்தினால் திருத்தினதுதான். எதிர்த்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை.

அச்சுப் பிசகாமல் கட்டினார்கள். மணலுக்குப் பதிலாக வெள்ளைச் சலவைக்கல் குருணையை வேனில் கொண்டுவந்து கொட்டி, மட்டம் பார்த்துப் பரப்பினார்கள். ஏதோ வேலையில் மிச்சப்பட்டு, மஞ்சளும் கறுப்பும் அடித்துக் கிடந்த ஓரக்கற்களை மூன்று பக்கமும் பதித்தார்கள். அஞ்சு கல்லையும் டேப் பிடித்து வைத்தார்கள். ஏணி மரக்கட்டையில் பல் வைத்து ஒரு வாரி செய்திருந்தான். அதைப் பலகை ஓரமாகப் பிடித்து இழுத்து, நூல் பிடித்தாற்போல் நேர்கோடு போட்டான். நாள் முழுக்க வணிக வளாகமும் கிடங்கும் வரைகிற கூட்டம் அல்லவா? அவர்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று மட்டும் ஒவ்வொருவருக்கும் தோன்றியது.

மறுநாள் காலையில் கூரியர்காரர் வந்தார். நேரே தோட்டத்துக்குள் வண்டியை விட்டார். இரண்டு கல்லுக்கு நடுவே, கோட்டுக்குள்ளேயே, அழகாக நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மொத்த ஆபீஸும் பார்த்துக்கொண்டு நின்றது.

"அருமையா கட்டியிருக்கீங்க. இத்தனை நாளா ரோட்டுல நிறுத்திட்டு ஓடி வருவேன். இந்தக் கல்லு இருக்கிறதால வண்டி உருளாது, பாருங்க" என்றார் அவர். மனசாரப் பாராட்டிவிட்டுப் பார்சலைக் கொடுத்துப் போய்ச்சேர்ந்தார்.

ஓரமாகத் தனியே நின்ற செக்கரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. "பரவாயில்ல மேடம்" என்று மேனேஜர் மட்டும் முனகினார். டீ ஆறிக்கொண்டிருக்க, ஆளாளுக்கு நழுவிப் போனார்கள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் உரித்துவைத்த பூண்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பயந்துபோனார்.

"அவங்க தோட்டத்தை நான் கெடுத்துட்டேங்க. ஒருத்தராவது 'என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க'ன்னு கேட்டிருக்கலாம். கேட்கலையே! வேத்து ஆளைத்தானே அப்படி விடுவாங்க?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

"திட்டலையேன்னு அழற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. நீயே போய்த் திற" என்றார்.

மறுநாள் டீ நேரத்தில் அவள் நேரே கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். வழக்கம்போலக் கப்சிப். ஏணி நழுவப் பார்த்தான்.

"நில்லு. தோட்டம் எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லு."

"சூப்பரா இருக்கு மேடம்."

"பொய். பார்க்கிங் மாதிரி இருக்கு. டிக்கெட் கிழிக்க ஒரு ஆளை உட்கார வச்சா போதும், கல்லா நிறைஞ்சிடும்."

ரிசப்ஷன் பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து ஏணி சிரித்தான். பிறகு என்ன, மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் கண்ணைத் துடைத்தபடி, "நான் முதல் நாளே நினைச்சேன்மா. போன மாசம் நாம அனுப்பின வணிக வளாகத்தோட பேஸ்மென்ட் மாதிரியே இருக்கேன்னு!" என்றார்.

"நினைச்சவர் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? நல்ல கதை!"

சனிக்கிழமை அரை நாள். எல்லாவற்றையும் பெயர்த்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். காகிதம் கூடாது, டேப் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அவரவர் கையால் ஒரு கல் வைக்கவேண்டும். செக்கரம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் கல்லைக் கொண்டுபோய் நட்டநடுவில், மட்டமாக வைத்தாள்.

"அங்க இல்ல!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

"எங்கதான் வைக்கிறது?"

"இடது பக்கம். இன்னும். ஐயோ, அது வலது!"

"சாய்ச்சு வைங்க மேடம், ஆளை அட்டென்ஷன்ல நிறுத்தின மாதிரி இருக்கு."

அவள் கல்லைச் சாய்த்தாள். சாய்க்கிற வேகத்தில் கால் பின்னால் போய், ஏணி குனிந்து குனிந்து அப்போதுதான் இழுத்து முடித்திருந்த அலைகளின் மேல் பதிந்தது. ஒரு கால் போதாதென்று இன்னொரு காலும்.

"அக்கா! கண்ணை எங்க வச்சிருக்கீங்க? இடுப்பு உடைய இப்பத்தானே இழுத்து முடிச்சேன்!"

கத்திவிட்டு ஏணி நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லாரும் அப்படியே நின்றார்கள். செக்கரம்மா குருணையில் நின்றபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடி இழுடா. நான் என்ன பறந்தா வரமுடியும்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் பயம் விட்டுப்போயிற்று. சாயங்காலம்வரைக்கும் ஆளுக்கு ஆள் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். குருணையை அள்ளச் சொன்னால் பொறுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு பேச்சு. கோணல் வரவேண்டிய இடத்தில் நேராக இழுக்கிறாள் என்று ஒரு பேச்சு. தோட்டம் கோணல்மாணலாக, சாய்ந்தும் சரிந்தும், பார்த்தாலே அப்பாடா என்று உட்காரத் தோன்றுகிற மாதிரி வந்துவிட்டது. அமைதி தருகிற தோட்டத்தைக் கட்ட இத்தனை கூச்சல் எந்த ஊரிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது அவள் புடவையெல்லாம் வெள்ளைப் பொடி. கையில் கொப்புளம். முகம் மட்டும் அப்படி ஒரு மலர்ச்சி. வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"இன்னிக்கு என்னைத் திட்டிட்டாங்க!"

"யாரு?"

"எல்லாரும்ங்க" என்றாள் செக்கரம்மா.