இரைச்சலுக்கு நான் ஜவாப்தாரி இல்லை

ரேடியோ செட்டை ஒரு தடவை திறந்து மூடிவிட்டால், அப்புறம் உலகத்தில் எங்கே இரைச்சல் கேட்டாலும் ரிப்பேர்காரன்தான் காரணம். கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வானத்தில் கோளாறு

எழுபதுகளில் ஆம்பூர் பஜாரில் எனக்குக் கடை. தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் மேஸ்திரியான காதர் பாய் ஒரே செட்டை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார். என் மேஜையில் ஒழுங்காகப் பாடும். அவர் வீட்டுக்குப் போனதும் கொர்ர்ர். கண்டென்சர் மாற்றினேன், ஏரியல் மாற்றினேன். போகவில்லை.

அப்போது கடைக்கு வந்த வேலூர் காலேஜ் வாத்தியார் ஒருவர் விளக்கினார். உயரே வானத்தில் மின்சாரம் ஏறிய அடுக்கு ஒன்று உண்டாம். சிற்றலைப் பாட்டு அதில் பட்டுத்தான் நமக்கு வருகிறதாம். பூமி நடுங்குவதற்கு முன்னால் அந்த அடுக்கு கலங்கினால் பாட்டும் கலங்குமாம். 'இன்னும் நிச்சயமில்லை' என்று இரண்டு தடவை சொன்னார். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பாயிடம் ஒப்பித்தேன். என் கடைப் பெயர் எனக்கு முக்கியம்.

பாய் சிரித்தார். "மூணு தபா அலைஞ்சேன். இப்போ கோளாறு வானத்துலன்றே. ஏணி வச்சிருக்கியா, ஏறிப் பார்க்க?"

நோட்டுப் புத்தகம்

அவர் சிரித்தாரே தவிர, அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. செட் கொர்ரென்றதும், பூகம்பம் வரப்போகிறதென்று அவர் சம்சாரம் அடுப்பு, பிள்ளைகள் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பார்த்த தெருவும் கூடவே வெளியே வந்தது.

இதைக் கேள்விப்பட்ட வாத்தியாருக்குக் குஷி. என் ஏரியல் ஒயரை வாங்கிப்போய், பாய் வீட்டு வாசலில் ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். காலை எட்டுக்கு இரைச்சல் ஆரம்பம், பன்னிரண்டுக்கு நிறுத்தம், ஒன்றுக்கு மறுபடி, ஐந்துக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை முழுக்க அமைதி. பெருமையாக அவர் வாசித்துக் காட்ட, பாயின் சம்சாரம் கேட்டார்: "எங்க வூட்டுக்காரர் தோல் ஷாப்புக்கும் இதே டைம், இதே லீவுதான் சார். பூகம்பமும் அங்கேதான் வேலை பார்க்குதா?"

நிஜமாக வந்தபோது

பாய் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப் மோட்டார், உள்ளே உரசுகிற கார்பன் கட்டை தேய்ந்து பொறி கக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொறிதான் செட்டில் கொர்ர்ர். கார்பனை மாற்றியதும் செட் தேனாகப் பாடியது. வாத்தியார் பஸ் ஏறிப் போனார். என் ஒயரை இன்றுவரை திருப்பித் தரவில்லை. எனக்குத்தான் 'பூகம்பக் கடை' என்று பெயர் விழுந்தது. வேலை வருவது கம்மியானது.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் நிஜமாகவே பூமி லேசாக ஆடியது. அலமாரியில் செட்டுகள் கடகடவென்று ஆடின. ஓடிக்கொண்டிருந்த ரேடியோப் பாட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. வாத்தியார் கணக்கு பொய் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி என் பெயர் தேறும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். காதர் பாய் அதே செட்டை மேஜையில் வைத்தார்: "பூகம்பம் வராதப்போ கத்துச்சு. வந்தப்போ சும்மா பாடிக்கினு கெடக்குது. இன்னாத்தய்யா ரிப்பேர் பண்ணே நீ?"

பூமி ஆடினாலும் ஆடாவிட்டாலும், முதலில் விரிசல் விடுவது ரிப்பேர்காரன் பெயர்தான்.