ஃப்ரீசர் போட்ட சத்தமும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் வீட்டு ஃப்ரீசர் மேல்மூடி திறக்கிற பெரிய பெட்டி. மாத்தளையில் ஒரு கடையை மூடினபோது என் வீட்டுக்காரர் வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். உக்குவளையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்து முழுக்க, அவ்வளவு பெரிய பெட்டி வேறு யாரிடமும் இல்லை. மற்ற நாட்களில் அதில் சர்பத்தைச் சின்னப் பைகளில் உறையவைத்து ஐஸ் பக்கெட் செய்து, ஸ்கூல் விடுகிற நேரம் விற்பேன். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் ஐஸ் பக்கெட்டுக்கு லீவு. அறுத்துப் பங்கிடுகிற குர்பான் இறைச்சியை நாலைந்து வீட்டார் கொண்டுவந்து எங்கள் பெட்டிக்குள் வைப்பார்கள். ஒருவர் சிவப்பு நூல் கட்டுவார், இன்னொருவர் பையில் ரெண்டு முடிச்சுப் போடுவார். ஒரு துண்டுகூட ஆள் மாறிப் போனதில்லை என்று எனக்குப் பெருமை.

அந்த வருசம் என்னைவிட மூத்த பக்கத்து வீட்டு ராத்தாவும் கொண்டுவந்தார். அவருடைய புருஷன் மௌத்தாகி அடக்கம் செய்து ஒரு வருசம் ஆகப்போகிற நேரம். பெருநாள் முடிந்து பன்னிரண்டாம் நாள் வருசக் கத்தம். குர்ஆன் ஓதி, வந்தவர்களுக்குச் சோறு கொடுக்க வேண்டும். அதற்காக, மற்ற வீடுகளிலிருந்து தனக்கு வந்த பங்கில் ஒரு துண்டும் சமைக்காமல், வர வர என்னிடம் தந்தார். நாலு பார்சல். பெருநாளன்றும் அவர் அடுப்பில் பருப்பும் பலாக்காயும்தான்.

"மேலயே வைங்க தங்கச்சி. எடுக்கக்குள்ள ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம்."

மேலேயே வைத்தேன். எங்கள் ஐந்து பார்சலும் முதல் நாளே அடிக்குப் போயிருந்தன.

அந்தப் பெட்டியின் சத்தமெல்லாம் எனக்குப் பழக்கம். மூடியைச் சாத்தினால் 'உஸ்' என்று மூச்சிழுக்கும். ஓடும்போது வயிற்றுக்குள் தண்ணீர் உருளுகிற மாதிரி கொடகொட என்னும். இடைக்கிடை காய்ந்த விறகு தெறிக்கிற மாதிரி ஒரு 'படக்'. மோட்டர் நிற்கும்போது ஒரு 'டிக்', பிறகு கொஞ்ச நேரம் அமைதி, திரும்ப ஓட்டம். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஹோல்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். பழகின சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் எனக்கு நிம்மதி.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் அந்த அமைதி வரவேயில்லை. காலையிலிருந்து ஓயாத ஓட்டம். 'உர்ர்ர்' என்று சுவரும் சேர்ந்து அதிர்ந்தது. கை வைத்தால் பெட்டியின் பக்கம் சுட்டது. விருந்தாளிகளுக்குப் பாய் விரிக்க இடம் வேணும் என்று பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளச் சொன்னது நான்தான். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வெடிக்கப் போகுது என்பது மட்டும்தான் வந்தது. தம்புள்ளைக்கு லோடு ஏற்றப் போயிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"பெட்டி வேற மாதிரிச் சத்தம் போடுதுங்க."

"ஒன்ட சத்தத்த விடக் கூடவா?"

"வெளாடாதீங்க. பயமா இரிக்கு."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல? சும்மா வுடு, அது ஓடட்டும்."

சும்மா விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மோட்டர் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று ப்ளக்கைக் கழற்றினேன். இறைச்சி கரைந்துவிடுமே என்று ரெண்டு நிமிசத்தில் திரும்பப் போட்டேன். 'ங்ங்ங்ங்... டக்.' ஓடவில்லை. இது நான் கேட்டிராத சத்தம். கழற்றினேன், போட்டேன். திரும்பவும் 'ங்ங்ங்ங்... டக்.' அன்று பின்னேரம்வரை எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பிஸ்மி சொல்லித்தான் போட்டேன்.

மறுநாள் எனக்கு மாத்தளையில் ப்ரஷர் க்ளினிக். ஆளில்லாத வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று, கழற்றின ப்ளக்கைக் கழற்றினபடியே விட்டுவிட்டுப் போனேன். க்ளினிக்கில் வரிசை நீண்டு, வீடு வரும்போது பின்னேரம் அஸர் ஆகிவிட்டது. வந்து போட்டேன். 'உர்ர்ர்' என்று சுவர் அதிர்ந்ததும் பயந்து கழற்றி, ரெண்டு நிமிசத்தில் திரும்பப் போட்டேன். 'டக்'. ப்ளக்கைக் கழற்றி வைத்தேன், மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் உள்ள குளிரும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பார்க்கப் பயம்.

அதற்கு அடுத்த நாள் திறந்தேன். நடுவில் இருந்த மற்ற வீட்டுப் பார்சல்கள் ஓரத்தில் மட்டும் இளகியிருந்தன. இன்றைக்கே சமைத்துவிடுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். எங்கள் ஐந்தும் அடியில் கல்லு மாதிரி. மேலே இருந்த ராத்தாவின் நாலும் தொளதொளத்து, பைக்குள் இரத்தத் தண்ணி கட்டி, வாடை வந்துவிட்டது.

ராத்தா வீட்டு முன்னறைக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, கரண்ட் போச்சில்ல. ஒங்கட எறச்சி பழுதாப் போயிட்டு."

அவர் கை நின்றது. "கரண்டா?"

"ஓ. நேத்து முழுக்க இல்லியே."

என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் என் முகத்தைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

"சரி தங்கச்சி. கரண்ட் போனா நீங்க என்ன செய்றது."

எங்களுடையதிலிருந்து தருகிறேன் என்றேன். தந்தது ரெண்டு பார்சல். அவர் இழந்தது நாலு. மிச்சம் மூன்றை ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், வீட்டுக்காரர் கேட்பார் என்று அப்போது ஒரு நியாயம் இருந்தது. அவர் இன்றுவரை கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மாத்தளையிலிருந்து ஃப்ரிட்ஜ் திருத்துகிற மெக்கானிக் பாஸ் வந்தார். சிங்கள ஆள், தமிழ் நல்லாப் பேசுவார். பெட்டியில் காதை வைத்தார், பக்கத்தைத் தொட்டார், பின்னால் எட்டிப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"அக்கா, இதுக்கு நோய் வருத்தம் ஒண்ணுமில்ல. மூச்சு முட்டுது. பெருநாளைக்கு எவ்வளவு எறச்சி போட்டீங்க?"

சொன்னேன்.

"பச்ச எறச்சி அவ்வளவும் ஒரேயடியாப் போட்டா, அது நிக்காமத்தான் ஓடும். ஓடி முடிக்க வுட்டிருக்கணும். பின்னுக்குக் காத்துப் போக எடமும் இல்ல. கழட்டிக் கழட்டிப் போட்டீங்களா?"

"ரெண்டு மூணு தடவ," என்றேன்.

"நிப்பாட்டினா பத்து நிமிசமாவது வுடணும். உள்ள கேஸ் அமுக்கம் எறங்காம மோட்டருக்குத் தூக்க ஏலாது. அதான் 'டக்'குனு தானாக் கட் ஆகுது. சும்மா சும்மா போட்டா இன்னும் சூடாகும். பெட்டியோட வந்த பொத்தகத்துல படம் இரிக்குமே, பாக்கல்லியா?"

"அது தொலஞ்சு போச்சு பாஸ்."

அது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் புத்தகம் என்றதும் மடித்து வைத்துவிட்டேன். பாஸ் பெட்டியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, பின்னால் இருந்த தூசியைத் தட்டி, பால் இல்லாத பிளேன்டி குடித்தபடி அரை மணித்தியாலம் இருந்தார். பிறகு ப்ளக்கைப் போட்டார். கொடகொட என்று ஓடியது. ஒரு ஆணிகூட அவர் மாற்றவில்லை. அவர் போனதும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ரெண்டாம் பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு சுவர், நடுவில் ஒரு அம்புக்குறி. ஒரு எழுத்தும் வாசிக்கத் தேவையில்லை.

கத்தத்தன்று ராத்தா இறைச்சிக்குள் உருளைக்கிழங்கு போட்டு ஆக்கியிருந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டுகளை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ஒரு வயசாளி கறியைக் கிளறிவிட்டுக் கேட்டார்:

"என்ன, இது கெழங்குக் கத்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தா அந்த மூத்தவருக்குச் சொன்னார்: "இந்த மொற கெழங்கு நல்லா வெந்திரிக்கு காக்கா. சாப்பிடுங்க." நான் தண்ணீர்க் கூஜாவோடு நின்றேன். ஊற்றின தண்ணீர் பாயில் போனது.

அடுத்த நாள் பைப்படியில் சஹன் கழுவும்போது சொல்லிவிட்டேன். கரண்ட் போகவில்லை, நான்தான் பயத்தில் நிப்பாட்டினேன் என்று. ராத்தா தேய்ப்பதை விடவில்லை.

"தெரியும்."

"எப்பிடி?"

"நீங்க கரண்ட் இல்ல, இல்லன்னு சொல்றீங்க. தலைக்கு மேல என்ட ஃபேன் சுத்துது. முந்தின நாளும் சுத்தினதுதான். ஒரே போஸ்ட்டுல இருந்துதானே நம்ம ரெண்டு ஊட்டுக்கும் வயர் வருது."

என்னால் தலை நிமிர முடியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்காமல் விட்ட ஃபேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமே ராத்தா."

"எறச்சியும் போச்சு. ஒங்களயும் வெக்கப்படுத்தி என்ன செய்ய?" சஹனைக் கவிழ்த்து வைத்தார். "பயந்து நிப்பாட்டினேன்னு வந்து சொன்னா நான் என்ன, ஒங்களக் கடிச்சா திங்கப் போறேன்?"

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாளுக்குப் பலகாரம் வரும், சுகமில்லை என்றால் கஞ்சி வரும். இப்போது பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் எப்போதும் இருக்கிறது. பச்சை இறைச்சியை ரெண்டு நாளாகப் பிரித்துத்தான் வைக்கிறேன். ஒழுங்கையில் யாருடைய ஃப்ரிட்ஜ் சத்தம் போட்டாலும், சுவரோடு ஒட்டியிருக்கா, கால் ஆடுதா என்று நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று கேட்டில் நின்றேன். ராத்தா ரெண்டு கையிலும் பார்சலோடு எங்கள் வீட்டைத் தாண்டி, ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பக்கம் நடந்தார். அங்கே இருப்பது இடுப்பு உயர ஃப்ரிட்ஜ். என்னைக் கண்டதும் நின்றார்.

"ஒங்கட பெட்டி நெறஞ்சிரிக்கும் தானே தங்கச்சி?"

பெட்டியில் பாதி காலி. காலையில்தான் துடைத்து வைத்திருந்தேன்.

"ஓ ராத்தா," என்றேன். "நெறஞ்சிட்டு."