பின்வரிசையில் ஐந்து பேர்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேதக் கோயிலில் ஆள் எண்ணுவேன். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. முதல் பாட்டு முடிவதற்குள் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், வாசலில் நிற்பவர்கள் எல்லோரையும் எண்ணிவிடுவேன். போன ஞாயிறு எண்பத்திரண்டு பேர். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினால் எண்பத்தேழு. மூன்றாம் தடவை எண்பத்திரண்டு. ஒவ்வொரு வாரமும் இந்த ஐந்துதான் கூடிக் குறைகிறது. கதவோரக் கடைசி வரிசைக்கு மேலே மின்விசிறி இல்லாததால் அங்கே யாரும் உட்காருவதில்லை. ஆனால் என் விரல் அங்கே வந்ததும் நின்று, ஐந்து எண்ணிவிட்டுத்தான் நகர்கிறது.

அந்த ஐந்து பேர் அமெரிக்காவில் நான் பார்த்த ஒரு குடும்பம். புருஷன், மனைவி, மூன்று பிள்ளைகள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்பதுதான் இப்போது இருக்கும் ஒரே பயம்.

என் மகள் எங்களூர்ப் பக்கம் ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் படிக்கப் போனவள். அப்படியே போய்க்கொண்டே இருந்து, அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில்தான் நின்றாள். என் மனைவி இறந்த பிறகு, ஆறு மாதம் வந்து இரு என்று கூப்பிட்டாள். போனேன். அவர்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். ஆறு மாதத்தில் நான் உள்ளே கால் வைத்தது இரண்டு வீட்டில். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். முதல் மாதம் நான் பதில் சொன்னேன். முட்டி வலி, சர்க்கரை, தூக்கம் என்று வரிசையாக. சர்க்கரைக்கு வருவதற்குள் அவர்கள் தபால் பெட்டியைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வீட்டிலிருந்து சூப்பு வந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வசதியாக அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

அது அவர்களுக்குத் தேர்தல் வருடம். வீட்டு முன்னால் புல்தரையில் அவரவர் வேட்பாளர் பெயரைப் பலகையில் எழுதி நட்டுவைப்பார்கள். மகள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கட்சிக்கு முப்பத்தொரு பலகை, இன்னொரு கட்சிக்குப் பதினான்கு. பலகை நட்ட பிறகு, எதிரெதிர்க் கட்சிக்காரர்களான பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் புல் வெட்டும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார்கள், முகம் பார்க்காமல் இருக்க. எங்களூரில் கட்சிச் சண்டையில் மண்டை உடையும். உடைத்தவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோவான். சத்தமே இல்லாத சண்டையை நான் அங்கேதான் பார்த்தேன். கோயிலில் போதகர் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்ல மாட்டார். தேசத்துக்காக ஜெபிப்போம் என்பார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேசத்துக்காக ஜெபிப்பது போல எனக்குத் தோன்றும்.

என் மருமகன் குடியுரிமைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவர். அந்த வருடம்தான் அவருக்கு முதல் ஓட்டு. பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டி வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் இறுகிவிடும். தான் வரிசையில் நின்று வந்தவன், வரிசையை உடைத்து வருகிறவர்களுக்கு இரக்கப்பட்டால் நின்றவனுக்கு என்ன மரியாதை என்பார். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த வாத்தியார் நான்.

கடலோடு சேரும் எங்களூர் ஏரியிலும் வரிசை உண்டு. பாடு என்போம். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. இருபத்தாறு வருடம் அதை நோட்டில் எழுதிவந்தவன் நான். நோட்டில் பெயர் இல்லாதவர்கள் முகத்துவாரத்தில் வலை போட முடியாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கு நோட்டில் பெயர் கிடையாது. எத்தனை தலைமுறையாக இங்கே இருந்தாலும் கிடையாது. மூன்று தடவை வந்து கேட்டார்கள். மூன்று தடவையும் முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை நல்ல கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

ஆனால் ஏரியில் ஆள் திரும்பவில்லை என்றால் நோட்டை யாரும் பார்ப்பதில்லை. கோயில் மணியை அடிப்பார்கள். அது எந்தச் சாமியின் மணி என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் வருவார்கள். விஷயம் தெரிந்தவர் எழுந்து நின்று நான்கு செய்தி சொல்ல வேண்டும். பெயர் என்ன, எந்தப் பக்கம் போனார், என்ன துணி உடுத்தியிருந்தார், கடைசியாகப் பார்த்தது எப்போது. ஒன்று குறைந்தாலும் தேடுவது கஷ்டம். அப்புறம் படகுகள் போகும். ஒவ்வொரு படகிலும் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவார்.

ஒரு ஐப்பசி மாதம், கையால் இறால் பிடிக்கும் பெண் ஒருத்தி சாயங்காலம் ஆகியும் திரும்பவில்லை. காற்று மாறி, மழை மூட்டத்தில் எதிரே எதுவும் தெரியவில்லை. மணி அடித்தது. அவள் அக்கா நான்கையும் சொன்னாள். போன படகுகள் பத்தொன்பது, நான்தான் கரையில் நின்று எண்ணினேன். இருட்டுவதற்குள், பசியாவரம் ஊருக்கு இந்தப் பக்கம் வலை கட்டும் கழி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கொண்டுவந்தார்கள். படகு எதுவும் தன் கண்ணுக்குத் தெரியவில்லை, தன் பெயர்தான் கேட்டது, அதற்குத்தான் பதில் கொடுத்தேன் என்றாள். என் நோட்டில் இல்லாத பெயர் அது. அன்றைக்குப் பத்தொன்பது படகுகள் அதைக் கூவின.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஜெபம் என்றால் அதுதான். ஆபத்தில் இருப்பவனைப் பற்றி எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, ஒன்று விடாமல் சொல்வது. வேறு விதமாக ஜெபிக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மகள் போகும் கோயிலில் தரை துடைத்து, புல் வெட்டிக்கொண்டிருந்தவர்தான் அந்த ஐந்து பேர் குடும்பத்தின் தகப்பன். தெற்கே எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டுக்காரர். புதன்கிழமைகளில் எனக்குப் போக இடம் இல்லாததால் கோயில் படிக்கட்டில் போய் உட்காருவேன். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவருடையது என்னுடையதைவிட அரைகுறை. ஒரு நாள் வேலியில் சுற்றியிருந்த நைலான் கயிற்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். வலை முடிச்சு. நான் எங்களூர் முடிச்சைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையதுதான் உறுதி என்று சைகை செய்தார். அவருடைய ஊரிலும் கடலோடு சேரும் ஏரி இருந்ததாம். முகத்துவாரம் மண் மூடிப்போனதாம். அதன் பிறகுதான் கிளம்பினாராம்.

எட்டாவது புதன்கிழமை அவர் கையில் துணி சுற்றியிருந்தது. புல் வெட்டும் கத்தி கிழித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். பேப்பர் இல்லை என்றார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துவைத்துக் காட்டினார். பிள்ளைகளின் உயரத்தைக் கையால் மூன்று தடவை காட்டினார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஜெபியுங்கள் என்றார். அந்த வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறுபத்து நான்கு பேர். ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். ஒரு அம்மாள் முட்டி அறுவை சிகிச்சைக்கு ஜெபிக்கச் சொன்னார். இன்னொருவர் தன் வயதான நாய்க்கு. நான் எழுந்து நின்றேன். ஆறு மாதத்தில் அந்தக் கோயிலில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அந்த மனிதரின் பெயரைச் சொன்னேன். பேப்பர் இல்லை என்று சொன்னேன். தீவனக் கடைக்குப் பின்னால் சக்கரம் வைத்த எந்த வண்டிவீட்டில் இருக்கிறார், அவருடைய லாரி என்ன நிறம், எந்த நாள் எத்தனை மணிக்கு வேலைக்கு வருவார், எல்லாம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர்கள் ஐந்து பேரும் கதவோரக் கடைசி வரிசையில் இருந்தார்கள். பத்து வயதிருக்கும் மூத்த பெண், நான் பேசப் பேச அப்பாவின் காதில் தங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கு அப்புறமும் நான் இரண்டு வாக்கியம் பேசினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போதகர் நன்றி சொல்லிவிட்டு நல்ல ஜெபம் ஒன்று செய்தார். இரண்டு மூன்று பேர் அழுதார்கள், பொய் அழுகை இல்லை. ஆராதனை முடிந்து காப்பி ஊற்றும்போது கடைசி வரிசை காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது காரில் மருமகன் மட்டும் பேசினார். "மாமா, இங்க அத வெளிய சொல்லக் கூடாது. யாரும் சொல்ல மாட்டாங்க."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொன்னது ஜெபக்குறிப்பா, துப்பா என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு ஐம்பத்தொன்பது. அதற்கடுத்த ஞாயிறும் ஐம்பத்தொன்பது. கோயில் புல் கணுக்கால் வரை வளர்ந்தது. நான் நச்சரித்ததால் மருமகன் தீவனக் கடைப் பக்கம் காரை ஓட்டிப் போனார். வண்டிவீடு பூட்டியிருந்தது. லாரி அங்கேயே நின்றது. படிக்குக் கீழே பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு கிடந்தன. பிள்ளைகள் மூன்று பேர், சைக்கிள் இரண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால் அவர்களாகவே போயிருக்கிறார்கள். முதலிலிருந்தே இரண்டுதான் என்றால்? இந்தக் கணக்கை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. அன்று கேட்டவர்கள் அறுபத்து நான்கு பேர். அதில் அவர்கள் ஐந்து, நாங்கள் மூன்று, போதகர் ஒருவர். மீதி ஐம்பத்தைந்து. அந்த ஐம்பத்தைந்தில் யாரோ ஒருவர் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். யாருமே சொல்லாமலும் இருக்கலாம், பயந்து அவர்களே கிளம்பியிருக்கலாம். சூப்புக் கொண்டுவந்த மூன்று பேரும் அந்த ஐம்பத்தைந்தில் இருக்கிறார்கள். அதன் பிறகு யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நான் மனதுக்குள் அவர்களை எண்ணினேன். இப்படி எண்ணுவதும் ஒரு பாவம் என்று எனக்குத் தெரியும்.

தேர்தல் அன்று மருமகன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். அங்கே விரலில் மை வைப்பதில்லை, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுக்கிறார்கள். வாசலிலேயே அதைப் பிய்த்து உருட்டிக்கொண்டு நின்றார். பதினோரு வருடம் காத்திருந்த ஓட்டு. "யாருக்குன்னு கேக்காதீங்க மாமா" என்றார். நான் கேட்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பி நாற்பத்தொரு ஞாயிறுகள் ஆகின்றன. வாராவாரம் போனில் மகளிடம் முதலில் கேட்பது ஏதாவது தெரிந்ததா என்பதுதான். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னாள். அப்புறம் பேச்சை மாற்றினாள். போன மாதம் சொன்னாள்: "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா நைனா? நீ ஒவ்வொரு வாட்டியும் கேக்கறப்போ, என்னமோ நான் போய் காட்டிக்குடுத்தா மாதிரி கீது."

அவளும் அறுபத்து நான்கில் ஒருத்தி. அவளைக் கழித்துவிட்டுத்தான் நான் எண்ணியிருந்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஞாயிறு எங்கள் போதகர் விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்றேன். திரும்பி வந்ததிலிருந்து நான் எழுந்தது இல்லை. மைக்கை நீட்டினார்கள். எங்கள் கோயில் ஒலிபெருக்கி கரை வரைக்கும் கேட்கும். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். முடிச்சுப் போட்டது, கையில் துணி சுற்றியிருந்தது, நான் பேசியது, அந்தப் பெண் பார்த்தது. பாடு நோட்டைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழவில்லை, வந்துவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஆட்கள் நின்றார்கள். கோயிலுக்கு வராதவர்களும், வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். நாற்பத்தாறு பேர். எங்கள் தெருப் படகுக்காரர் ஒருவர், "இன்னா சார், அமெரிக்கா வரிக்கும் நம்ம போட்டு தாங்காதே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். என்ன துணி என்று இன்னொருவர் கேட்டார். கடைசியாகப் பார்த்தபோது அவர் கட்டம் போட்ட நீலச் சட்டை, பெண்ணுக்கு மஞ்சள் கவுன் என்றேன். எப்போது என்றார்கள். நாள் சொன்னேன். யாருக்கும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் கேட்டார்கள், தலையாட்டிக்கொண்டார்கள்.

அன்று கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நண்டுக் கூடையோடு கடைசியில் நின்றிருந்தாள். முன்னால் வந்தாள்.

"நாலுல ஒண்ணு சொல்லலியே சார். பேர் இன்னா?"

நாக்கு நுனி வரை வந்தது. வேலியில் ஒலிபெருக்கிக் குழாய் தொங்கியது. மைக் நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ கடல் தாண்டி, ஏரிக்கரையில், நண்டு விற்கிறவளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகிவிடும். ஆனாலும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை சொன்னவன் நான். நான் எழுதும் இந்தப் பக்கங்களில் ஒருவர் பெயரும் இல்லாமல் போனதற்கும் காரணம் அதுதான்.

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

"பேர் சொல்லாம எப்டி சார் கூப்புடறது?" என்றாள்.

குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. மழை மூட்டத்தில் தன் பெயர் காதில் விழுந்து பிழைத்தவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வலைக்குத் திரும்பினார்கள். நாற்பத்தாறு, முப்பது, பன்னிரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, ஒன்றில் நின்றது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் வாயைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.