கல்பனா அக்கா என் பக்கம் திருப்பிய திரை

இதைப் படிப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமும் காட்டாதீர்கள். வேங்கிக்காலில் கல்பனா அக்காவின் ப்ரௌசிங் சென்டரில் வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டவர்கள் மட்டும் படித்தால் போதும். பதினாறாம் நாள் காரியத்தன்று அக்காவின் தங்கையிடம் கொடுப்பதற்காக ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என் தோழி நஸ்ரின் கேட்டாள். என் பெயரைப் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கூடத்தில் பெரியப்பா படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

செய்தியைக் கொண்டுவந்ததும் பெரியப்பாதான். அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர், அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. முந்தாநாள் என் கவுன்சிலிங் முடிவு வரும் நாள் என்பதால் அதற்கு முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். நேற்றுக் காலை டீ குடிக்கப் போனவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த கம்ப்யூட்டர் கடைக்காரி ஷட்டர் தூக்கும்போதே வுழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்." அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பெரியப்பா, பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதே மூச்சில், "சரி, கடையும் மூடியாச்சி. இனிமே அந்த காலேஜ் பேச்ச வுட்டுடுங்க" என்றார்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. நான் அழுதது அப்போது இல்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்காவின் கடைக்கு நான் முன்பே போயிருக்கிறேன். ஆனால் அக்கா எனக்குப் பழக்கமானது விண்ணப்பம் போடப் போன அன்று. திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த கூட்டமெல்லாம் அந்தக் கடையில்தான் ஜெராக்ஸுக்கு நின்றது. அக்கா ஒரு கையில் போண்டாவை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டச்சு செய்தார். என் பெயர், பிறந்த தேதி, பள்ளி என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொன்னார். அக்கா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "சார், பரீட்ச எழுதனது நீங்களா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். கடைசியில் போன் நம்பர் கேட்டபோது அப்பா தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அடிக்கவில்லை. எனக்குப் போன் இல்லை என்று தெரிந்ததும் அம்மாவின் பட்டன் போன் நம்பரை வாங்கிப் போட்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "ஓடிபி யாருக்கு வருதோ அவங்கதான் சார் முடிவு பண்ணுவாங்க. நீங்க ஆபீஸ் நேரத்துல போன் எடுக்க மாட்டீங்க" என்றார். இரண்டாவது வாக்கியம் அப்பாவுக்காக. முதல் வாக்கியம் எனக்காக. அது அன்று எனக்குப் புரியவில்லை.

அக்காவை ரொம்ப நல்லவர், பொறுமைசாலி என்றெல்லாம் யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவருக்குப் பொறுமை கம்மி. எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும் என்று கேட்ட ஒரு பையனிடம், "அது தெரிஞ்சா நான் ஏன்டா இங்க ஜெராக்ஸ் போட்டுனு இருக்கேன்?" என்றவர் அவர். ஆனால் அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முடிவு வரும் நாளில் திரையை மாணவர் பக்கம் திருப்பிவிடுவார். அப்பா, அம்மா, மாமா யாராக இருந்தாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். "மொதல்ல அது பாக்கட்டும். அப்புறம் ஊரு பாக்கலாம்" என்பார்.

போன வருடம் நான் மார்க் ஷீட் நகலெடுக்கப் போனபோது ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு எந்தக் கல்லூரியும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வெளியே இருந்த அவள் அப்பா எழுந்து உள்ளே வந்தார். வந்த வேகமே சரியில்லை. அக்கா எட்டி மெயின் சுவிட்சை அணைத்தார். "கரண்ட் போச்சி சார். பத்து நிமிஷம் வெளிய நில்லுங்க, உள்ள புழுக்கமா இருக்கு." அந்தப் பத்து நிமிடம் இருட்டுக் கடையில் அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஆறுதல் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடுத்த சுற்று எப்போது என்பதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் கையில் வைத்தார். வெளிச்சம் வந்தபோது அவளே எழுந்து போய் அவள் அப்பாவிடம் சொன்னாள்.

இனி எழுதப்போவதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

பொறியியல் கவுன்சிலிங்கில் நமக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போட வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் மதிப்பெண்ணுக்கு எது முதலில் வருகிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். வரிசை போட வேண்டிய அன்று பெரியப்பா ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். அதில் முதலிடம், எங்கள் தெருமுனைக்கே பஸ் வரும் ஒரு தனியார் கல்லூரிக்கு. அங்கே கம்ப்யூட்டர். நிச்சயம் கிடைக்கும் என்பதால் அதை முதலில் போடச் சொன்னார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நிச்சயமா கிடைக்கறது அடியில இருந்தாலும் கிடைக்குங்க. ஆசப்பட்டத மேல போடலன்னா அது எப்பவும் கிடைக்காது." பெரியப்பா கேட்கவில்லை. "ஆசைய வச்சிகினு இன்னா பண்றது? பொட்டப்புள்ள, வூட்டுல இருந்து போய் வரணும்" என்றார்.

அவரும் அப்பாவும் டீ குடிக்கப் போனதும் அக்கா என்னிடம் கேட்டார்: "உனக்கு இன்னா வேணும் பாப்பா?"

எனக்கு எலக்ட்ரிகல் வேண்டும். எங்கள் நிலத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி கெட்டுப்போகும்போதெல்லாம் லைன்மேன் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். போன கோடையில் அவர் வராத ஒரு நாள், அதில் என்ன கோளாறு என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். காய்ந்துகொண்டிருந்த வேர்க்கடலைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "அப்ப நீயே போடு" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். வெளியூர் அரசுக் கல்லூரி ஒன்றை எலக்ட்ரிகலுக்கு முதலிடத்தில் போட்டேன். இருபத்து மூன்று வரிசை போட்டேன். பெரியப்பாவின் கல்லூரி இருபத்து மூன்றாவது. அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியை, அக்காவின் போனிலிருந்து அம்மாவை அழைத்துக் கேட்டு, போட்டுப் பூட்டியதும் நான்தான். அக்கா போண்டா தின்றுகொண்டிருந்தார்.

முந்தாநாள் முடிவு வந்தது. திரை என் பக்கம் இருந்தது. கணக்குப் பாடத்தில் நினைத்ததைவிடப் பன்னிரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு அது தண்டனை கொடுத்திருந்தது. முதல் பதினெட்டும் இல்லை. பத்தொன்பதாவது வந்திருந்தது. எலக்ட்ரிகல்தான், ஆனால் இரண்டு மாவட்டம் தள்ளி, பெயர் கேள்விப்படாத கல்லூரி. நான் அழுதேன். "அழு. ஆனா முடிவு சொல்ல மூணு நாள்தான் டைம் குடுத்திருக்கான், அதுக்குள்ள முடிச்சிடு" என்றார் அக்கா. பெயரே தெரியாத கல்லூரி என்று நான் முணுமுணுத்தேன். "நீ போய் படி. எனக்கு பேரு தெரிஞ்சிடும்" என்றார். பிறகு, இதை ஏற்றுக்கொண்டு காத்திருந்தால் மேலே ஏதாவது காலியாகும்போது மாற்றித் தருவார்கள், எப்படியும் இதற்குக் கீழே இறங்காது என்று விளக்கினார்.

பெரியப்பா உள்ளே வந்து பார்த்தார். தான் எழுதிக் கொடுத்த வரிசை தலைகீழாக இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "யார கேட்டு மாத்துன? கிட்ட இருக்கற காலேஜ் போச்சே. உன் வூட்டுப் புள்ளையா இருந்தா இப்டி பண்ணுவியா?" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க மாத்துனேன்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். பெரியப்பா அவரை என்னென்னவோ சொன்னார். அக்கா என் ஒதுக்கீட்டுத் தாளை அச்சடித்து, மடித்து, என் கையில் கொடுத்தார். மறுநாள் காலை அவர் இல்லை. நேற்றிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும், அந்தப் பொம்பளை பேச்சைக் கேட்டு ஒரு பெண்ணின் படிப்புக் கெட்டது என்கிறார்கள். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள். நான் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

அது பொய். அந்த வரிசை என்னுடையது. ஒவ்வொரு வரியும் என் விரல் போட்டது. என் படிப்பு கெடவும் இல்லை. பத்தொன்பதாவது இடமும் நான் கேட்ட இடம்தான். கிடைத்தது எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதற்காக நான் வெட்கப்பட மாட்டேன்.

நாளைக் காலை பெரியப்பா என்னை இங்கேயுள்ள கலைக் கல்லூரிக்கு பி.காம் சேர்க்க அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை மாலை ஐந்து மணியோடு பொறியியல் இடம் தானாகப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று மதியம் அம்மா என்னைக் கடுகு வாங்கிவரச் சொன்னார். டப்பாவில் கடுகு நிறைய இருந்தது. கூடவே தன் போனையும் என் கையில் கொடுத்து, "மெதுவா வா" என்றார். நஸ்ரின் வீட்டில் உட்கார்ந்து, அவள் போனில், ஏற்றுக்கொள்கிறேன், மேலே வந்தால் மாற்றிக்கொள்கிறேன் என்பதை அழுத்தினேன். ஓடிபியைப் போட்டேன். இனி அதை யாரும் அழிக்க முடியாது. எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத்தான் போட்டேன்.

மூடிய ஷட்டரில் அக்காவின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதில் அவர் சாந்தமாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை, அது எனக்கு வேண்டாம். எனக்கு வருவதை ஊர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். எனக்காக அவர் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை மட்டும் அவரோடு போகவிட மாட்டேன். அது என்னுடையது. நாளை பெரியப்பா சட்டை மாட்டுவதற்கு முன்னால், அப்பா, அம்மா எல்லோரும் இருக்கும்போதே அதைச் சொல்லி

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பாவின் குரல். உள்ளே யாரு, இந்நேரத்துல இன்னா எழுதறே என்கிறார். காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போவதை இங்கே எழுதிவிட்டுத் திறக்கிறேன்: பெரியப்பா, அத மாத்துனது நான்தான், அக்கா இல்ல, நான்