அப்பா பெயரில் இருந்த சங்கிலி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் வரச்சொன்னார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது.

"சொசைட்டி சீட்ட அப்பா எங்க வச்சிருந்தாருன்னு தெரியுமா புள்ள?"

"என்ன சீட்டு அத்தை?"

"சங்கிலி சீட்டு. உங்கப்பா பேர்லதானே அடகு வச்சிருக்கு. தையில எங்க மூத்தவ கல்யாணம். அந்தச் சங்கிலி போடுறதாத்தான் பேச்சு."

வந்த அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது.

எங்கள் ஊரில் பேங்க் கிடையாது, கூட்டுறவுக் கடன் சங்கம்தான். சொசைட்டி என்போம். உரம், பயிர்க்கடன், நகைக்கடன், சேமிப்பு எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். அங்கே வாங்குகிற ரூபாய் நோட்டில்கூட யூரியா வாடை அடிக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மன்னார்குடியில் ஜவுளிக்கடையில் நிற்கிறேன். என் சம்பளத்தில் மிச்சமாவதையும் அங்கேதான் போட்டுவந்தேன். மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கவேண்டும், யார் முன்னாலும் நாளெல்லாம் நிற்கக்கூடாது என்று ஒரு நினைப்பு.

தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்தில் நகை வீட்டில் தங்காது. ஏதாவது ஒரு மேடையில் தள்ளுபடி என்ற வார்த்தை விழுந்தால் போதும், மறுநாளே சொசைட்டி வாசலில் கூட்டம். ஒரு குடும்பத்துக்கு இத்தனை பவுன்தான் தள்ளுபடி என்று பேச்சு வரும். உடனே நகையைப் பிரித்து ஆளுக்கு ஒரு பெயரில் வைப்பார்கள். அத்தை வீட்டில் வளையல் அத்தை பெயரில், ஆரம் மாமா பெயரில் என்று ஏற்கெனவே போய்விட்டது. சங்கிலிக்குப் பெயர் இல்லை. என் அப்பா இருந்தார்.

யார் என்ன கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டார் என்று இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். இப்போது அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் அடகு வைக்க ஒரு குண்டுமணி தங்கம் இல்லை. அவர் பெயரில் மட்டும் ஊரார் சங்கிலி.

அந்தத் தேர்தல் முடிந்து தள்ளுபடியும் வந்தது. பட்டியல் ஒட்டினார்கள். அப்பா பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினார்கள்.

சீட்டை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். சுவரில் தலைவர்கள் படம். ஆட்சி மாறினால் படம் மாறும், மாட்டுகிற ஆணி மாறாது. செயலாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா இல்லன்னா வாரிசு சர்டிபிகேட் வேணும்மா. வாரிசு எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணும்."

"சார், இது எங்க நகையே இல்ல. எதிர்வீட்டு அத்தையோடது."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அப்படிச் சொல்லாத. அடுத்தவங்க நகைய உங்கப்பா எப்படி அடகு வைக்கலாம்?"

"அத்தை இங்கயே நின்னாங்களாமே சார். கழுத்துலேருந்து கழட்டி உங்க மேசைலதான் வச்சாங்களாம்."

"அது அப்ப. இப்ப ஒண்ணு பண்ணு. எங்கப்பா நகைதான்னு எழுதிக் குடு. வேற வழியில்ல."

எழுதிக்கொடுத்தேன். அப்பாவுக்கு இல்லாத நகையை அவர் செத்தபிறகு அவருக்குச் சொந்தமாக்கினேன்.

வாரிசு சான்றிதழுக்கு நன்னிலம் தாலுகா ஆபீஸ். வி.ஏ.ஓ. இருந்தால் ஆர்.ஐ. இல்லை, ஆர்.ஐ. இருந்தால் சர்வர் இல்லை. ஒவ்வொரு நாளும் கடையில் சம்பளம் பிடித்தார்கள். போகிற இடத்திலெல்லாம் "இறந்தவர் பேரு?" என்று கேட்பார்கள். நானும் சொல்லுவேன். அப்பா பெயரை என் வாழ்நாளில் அதுவரை அத்தனை தடவை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அம்மாவும் நானும் போட்டால் போதாது, திருப்பூரில் கட்டிக்கொடுத்த அக்காவும் கையெழுத்துப் போடவேண்டும். போன் செய்தேன். அக்கா சரியென்றாள். ராத்திரி மச்சான் கூப்பிட்டார்.

"மாமா இவ்ளோ பெரிய சங்கிலி வச்சிருந்தாரா? எங்ககிட்ட மூச்சு விடலையே."

"மச்சான், அது எதிர்வீட்டு அத்தை சங்கிலி."

"பேப்பர்ல மாமா நகைன்னு நீயே எழுதியிருக்கியாமே?"

"அப்படி எழுதச் சொன்னாங்க."

"எழுதினா எழுதினதுதானே. உங்க அக்காவுக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பங்கு வேணும்னா அவரு கடன்லயும் பங்கு இருக்கு, அனுப்பவா?" என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை.

இதற்கிடையில் அத்தை தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார், "என்ன புள்ள ஆச்சு?" நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பார். குழாயடியில் பேச்சு மாறியது. செத்தவர் சங்கிலியை எங்கோ விற்றுவிட்டார் என்று ஒருத்தி சொன்னதாக அம்மா வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டாள். அன்றுதான் முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சங்கிலி அந்தப் பெண் கழுத்தில் ஏறவேண்டும். இல்லையென்றால் அப்பா திருடன் என்ற பெயரோடுதான் போய்ச் சேர்ந்தவர் ஆவார்.

அம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். மச்சான் வீட்டில் இல்லாத நேரம். அக்கா எங்களைப் பார்த்ததும் அழுதாள். ஒன்றும் கேட்காமல் எங்களோடு கிளம்பிவிட்டாள். மச்சானுக்கு பஸ்ஸிலிருந்துதான் போன் பண்ணிச் சொன்னாள்.

மூன்று பேரும் போய் நின்றோம். செயலாளர் கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டு சொன்னார், "எல்லாம் சரியா இருக்கு. ஆனா உங்கப்பா பயிர்க்கடன் பாக்கி இருக்கே. அது முடியாம நகைய விடமுடியாது."

அந்தக் கடன் கதை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பயிர்க்கடனைக் கட்டுகிறவர்கள் கட்டின கையோடு மறுபடி வாங்கிவிடுவார்கள். அப்பா உழுதது குத்தகை நிலம். சென்னையில் இருக்கும் நிலக்காரர் விற்கப்போகிறேன், காலி பண்ணு என்று வழக்குப் போட்டார். வழக்கு இருக்கிற நிலத்துக்கு, இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்கிற அடங்கலை வி.ஏ.ஓ. எழுதித் தரவில்லை. அடங்கல் இல்லாமல் புதுக்கடன் இல்லை. திரும்பக் கிடைக்காத கடனை எதற்குக் கட்டவேண்டும் என்று அப்பாவும் இருந்துவிட்டார்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ கேக்கலையேம்மா."

அத்தை அடகுப் பணத்தையும் வட்டியையும் மட்டும் முடிச்சாகக் கட்டிக் கொண்டுவந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார். பயிர்க்கடன் என்ற பேச்சு வந்ததும் முடிச்சை அம்மா கையில் வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

சொசைட்டியில் உறுப்பினராக அப்பா கட்டியிருந்த பங்குத் தொகையைப் பயிர்க்கடனுக்கு எடுத்தார்கள். போதவில்லை. என் சேமிப்பை எடுக்கச்சொன்னேன். "முழுசுமா?" என்று கேட்டார். முழுசும்தான். தையல் மெஷின் யூரியா வாடையோடு அங்கேயே போனது.

அப்புறமும் சங்கிலி வரவில்லை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று செயலாளரிடம், ஒன்று காசாளரிடம். காசாளர் கொழுந்தியா வீட்டு வளைகாப்புக்குத் திருவாரூர் போயிருந்தார். மறுநாள் வந்து வாங்கினோம். அத்தை சங்கிலியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கையில் வைத்து ஏந்திப் பார்த்தார்.

"கொஞ்சம் கொறஞ்சாப்ல இருக்கு, இல்ல?"

அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சங்கிலி அந்தப் பெண் கழுத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். குழாயடியில் யாரும் எதுவும் பேசவில்லை. பேசினதற்கு வருத்தப்படவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அத்தை வந்தார். கையில் சுருக்குப்பை. உள்ளே வளையல். கல்யாணத்துக்காக மீட்டதுதான்.

"பஞ்சாயத்துத் தேர்தல் வருதாம் புள்ள. மறுபடி தள்ளுபடி இருக்குமாம். உங்கப்பா எடம் சொசைட்டியில காலியாத்தானே இருக்கு? நீ மெம்பரா சேந்து உம் பேர்ல இத வச்சுக் குடேன். உங்கப்பா இருந்தா மறுபேச்சு பேசியிருக்கமாட்டாரு."

"எங்கப்பா செத்துட்டாரு அத்தை!"

அப்படித்தான் கத்தினேன். அந்த வீட்டுக்கு இழவு சொல்லப் போனது நான்தான், பாடை கட்டினபோது அத்தை எங்கள் வாசலில்தான் நின்றார். ஆனாலும் அப்போதுதான் முதன்முதலாகச் சொல்வதுபோல இருந்தது. "செத்துட்டாரு. என்னை அழக்கூட விடலையே நீங்கள்லாம்."

அதற்கப்புறம் நிறுத்தமுடியவில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரும் சத்தமாக அழ ஆரம்பித்தார். எதற்கு அழுதாரோ, நான் கேட்கவில்லை.